விரல் நுனியில் எதிர்காலம்

எங்கள் கம்பெனித் தலைவர் பூவராகன் மேடையில் புதுச் சிப்பை விரல் நுனியில் தூக்கிக் காட்டினார். இனி உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இதை நம்பித்தான் ஓடும் என்று அவர் முழங்கியபோது அது நழுவி முன்வரிசைக்குள் விழுந்தது. அங்கே உட்கார்ந்திருந்த போட்டிக் கம்பெனித் தலைவி நளாயினி, பெருந்தன்மையைக் காட்டிக்கொள்ளக் குனிந்தார். மறுநாள் தன் மேடையில் தூக்கிக் காட்டுவதற்காக அவர் கைப்பையில் வைத்திருந்த சிப்பும் கீழே விழுந்தது. கம்பளத்தில் இரண்டு கிடந்தன. தலைவர் இறங்கிவந்து, வடிவமைத்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்.

“நம்மளுது எதுய்யா?”

“தெரியல சார். ரெண்டும் ஒரே ஃபேக்டரில செஞ்ச வெறும் கூடு. உள்ள இன்னும் ஒண்ணும் வைக்கல.”

“மெதுவாப் பேசித் தொலை.”

“எதையாவது எடுங்க சார், எல்லாரும் பாக்கறாங்க” என்றார் நளாயினி.

கைக்கு எட்டியதை எடுத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டு தலைவர் மேடை ஏறினார். “இத வேற எவனாலயும் செய்ய முடியாது!”

அரங்கில் இருந்த மந்தை எழுந்து நின்று கைதட்டியது. நளாயினியும் எழுந்தார். மிஞ்சிய சிப்பை ஒரு கையில் பொத்திக்கொண்டு, மறு கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.