வெறுங்கால் பரிசோதனை

செருப்பைக் கழற்றிவிட்டு வாஷிங் மெஷினைத் தொட வேண்டும். மனைவி கேட்டது அவ்வளவுதான். அதுவரை அவனோடு ஒரு வார்த்தை பேசமாட்டாளாம்.

மெஷின் ஷாக் அடிக்கிறது என்பது அவள் கட்சி. எல்லாம் மனப்பிரமை என்பது அவன் கட்சி.

அவனையும் குறை சொல்ல முடியாது. அவன் தொட்டால் அது பரம சாதுவாக நின்றது. வேண்டுமென்றே முதுகில் தட்டிக்கொடுத்துக் காட்டுவான். குதிகால் வலிக்காக டாக்டர் போடச் சொன்ன தடித்த ரப்பர் செருப்பை அவன் கட்டிலில் ஏறும்போது மட்டும்தான் கழற்றுவான். அதை அவன் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

அவள் எடுத்துச் சொல்லித்தான் பார்த்தாள். கரண்ட் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போயாக வேண்டும், அதற்கு முழுசாக ஒரு பாதை வேண்டும். எர்த் ஒயர் ஒழுங்காக இருந்தால் அது வழியாகப் போய்விடும். இல்லாவிட்டால், ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிற இந்த இளிச்சவாய்ப் பெண்டாட்டி வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கும். அவன் செருப்போ வழியையே அடைத்துவிடுகிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் புத்திசாலி, மச்சானுக்குப் போன் போட்டான். உன் அக்கா மரக்கரண்டியால்தான் மெஷின் பட்டனை அமுக்குகிறாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அதோடு முறிந்தது பேச்சுவார்த்தை. காபி டம்ளர் டொக்கென்று மேஜையில் வந்து உட்கார்ந்தது. அவன் தலையணை கூடத்துக்குக் குடிபோனது. வீட்டில் டீவி மட்டும்தான் பேசியது. அவள் திட்டினால்கூடத் தேவலை என்று ஆகிவிட்டது அவனுக்கு.

நேற்று அந்த டீவியைப் பார்த்தபடியே, நாளைக்குத் தொட்டுக் காட்டுவதாக உரக்க அறிவித்தான்.

இப்போது செருப்பைக் கழற்றினான். ஈரத்தரை சில்லென்று காலில் ஏறியது. அவள் கைகட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தொட்டான்.

ஒன்றுமில்லை.

உள்ளங்கையை நன்றாகப் பதித்து அழுத்தினான். ஊஹூம். எறும்பு கடித்த அளவுகூட இல்லை.

ஜெயித்துவிட்டான்! மச்சானுக்கு மறுபடியும் போன் போடலாம். கெத்தாகக் கண்ணைத் திறந்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்து என்ன செய்வது, கூடத்தில் தனியாகப் படுத்துக் கிடப்பதா?

"ஐயோ அம்மா!" என்று துள்ளிக் கையை உதறினான். "என்னா ஷாக்குடி இது! நீ சொன்னதுதான் சரி, நான்தான் முட்டாள்."

அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"பிளக்குக்குள்ள கழண்டு கிடந்த எர்த் ஒயரைக் காலையிலயே மாட்டி முடுக்கிட்டேன். தெரிஞ்சே உங்களை வெறுங்காலோட விடுவேனாங்க?"