அண்ணாந்து குடித்த நாள்

வெள்ளத்தில் தம்பியைப் பறிகொடுத்த ஜெபமலர் இந்தப் புதுப் பள்ளிக்கு வந்து ஐந்து மாதமாகிறது. யாரோடும் பேசமாட்டாள். மதியம் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகத் தனியே உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

"பழைய பள்ளிக்கூடத்துல நாலு பேரு எச்சில் படாம என்னை அண்ணாந்து குடிப்பாங்க. ரெண்டாவது பீரியடுக்குள்ள காலியாயிருவேன்," என்றது தண்ணீர் பாட்டில். "இங்க வாய் வச்சே குடிக்கிறா. வேற யாரு கேக்கப் போறாங்க?"

"அப்பல்லாம் என் மூடி கைமாறிக்கிட்டே இருக்கும்," என்று பெருமூச்சு விட்டது டிபன் பாக்ஸ்.

அப்போது ஜெபமலர் பாட்டிலின் வாயைத் துப்பட்டாவால் நன்றாகத் துடைத்தாள். பிறகு தூக்கி அண்ணாந்து குடித்தாள். பழக்கம் விட்டுப்போனதால் பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

"யாரு வந்திருக்கா?" என்று பரபரத்தது டிபன் பாக்ஸ்.

பாட்டில் சுற்றிலும் பார்த்தது.

"இன்னும் யாரும் வரல."