போட்டுக் கேட்காத சரக்கு

"ஆறாயிரம் பவுண்டு. ஒரு பென்னி குறையாது, கண்ணு" என்று சொல்லிவிட்டு, க்ளெனிஸ் பழைய பிஸ்கட் டின் ஒன்றை மேசைமேல் வைத்தாள். உள்ளே மெல்லிய காகிதத்தில் சுற்றிய ஓர் ஆடியோ கேசட்.

இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் ஒரு பப்பின் மாடியறை. உலகம் அழிந்தபின் மிஞ்சியவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று காட்டும் தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் அங்கே கூடுவார்கள். பீரும் சிப்ஸுமாக அந்த அழிவை ரசித்து ரசித்துப் பேசுவார்கள். அன்றைக்கு, முன்பின் தெரியாத க்ளெனிஸைத் தவிர, வந்திருந்தது மூன்று பேர்: சங்கத் தலைவர் ரோலண்ட், ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் மால்கம், இளையவள் ப்ரையனி.

கேசட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்க மூவரும் குனிந்தார்கள். 'சாம்பல் தேசம்' தொடரின் கடைசிப் பகுதி! எழுபதுகளில் ஒரே ஒரு தடவை ஒளிபரப்பானது. நாடா விலை அதிகம் என்று கணக்குப் பார்த்த கம்பெனி, அதை அழித்து அதன்மேலேயே ஏதோ தோட்டக்கலை நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டது. படம் போனது போனதுதான். ஒலியாவது எங்காவது இருக்காதா என்று ரசிகர்கள் தேடாத பரண் இல்லை.

"என் தம்பி நெவில், டி.வி. முன்னாடி மைக்கை வெச்சுப் பதிவு பண்ணினது" என்றாள் க்ளெனிஸ். "அவன் இப்ப இல்ல."

ரோலண்டின் கையிலிருந்த கிளாஸ் ஆடி, பீர் சட்டையெல்லாம் சிந்தியது.

"கொண்டாங்க, கொண்டாங்க!" மால்கம் கேசட் பிளேயரின் மூடியைத் திறந்தார். "மைக்கை வெச்சாரா? அப்ப அந்த வீடே இதுக்குள்ள இருக்கும். சின்ன வயசுல நானே இப்படிப் பதிஞ்ச மூணாம் பகுதி என்கிட்ட இருக்கு. ஊரே செத்துக் கிடக்கிற சீன்ல எங்கப்பா தும்முவாரு. எங்கம்மா என்னைத் திட்டறது வசனத்தைவிடத் தெளிவா கேக்கும்."

"அந்தத் தும்மல்கூட புது சீரியலைவிட மேலுன்னு சொல்வீங்களே!" என்று ப்ரையனி சீண்டினாள்.

"பின்ன? உங்க புது சீரியல்ல உலகம் அழிஞ்சு மூணு வருஷம் ஆயிருக்கும். ஒருத்திக்கும் முடி கலையாது. பல்லு மட்டும் பளபளன்னு இருக்கும். பழசுல சுவரெல்லாம் அட்டைதான், கதவைச் சாத்தினா ஆடும். ஆனா வயித்தைக் கலக்குமா, இல்லையா?"

ரோலண்ட் பிளேயரையே பார்த்தார். அந்த நாடா சுழலக் கூடாது. இந்த அறையில், இவர்கள் காதுபட, சுழலவே கூடாது. வேறெதுவும் அவர் மனதில் ஓடவில்லை.

"போடாத, மால்கம்!"

தன் குரல் கிறீச்சிட்டது அவருக்கே கேட்டது. சமாளித்துக்கொண்டார். "ஐம்பது வருஷத்து நாடா. ஒரு சுத்து சுத்தினா மேல்பூச்சு உதிர்ந்துடும். அப்புறம் ஒண்ணும் மிஞ்சாது."

"நான் ஓட்டாத நாடாவா? பூ மாதிரி ஓட்டறேன், பாரு."

"வேண்டாம்னா வேண்டாம்!"

"போட்டுக் கேக்காம சரக்கு வாங்கறதா? நீயா பேசற? போன மாசம் சந்தையில ஒரு ஓட்டைக் கெட்டிலுக்கு அரைமணி நேரம் பேரம் பேசின ஆளாச்சே!"

மால்கம் கேசட்டைச் செருகினார். விரல் பொத்தானை நோக்கிப் போயிற்று. ரோலண்ட் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நாற்காலி ஒன்று சாய்ந்து விழுந்தது.

"ஐயோ! என்ன ஆச்சு உங்களுக்கு?" ப்ரையனி எழுந்து நின்றுவிட்டாள்.

ரோலண்ட் பிடியை விடவில்லை. கீழே பப்பில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு படியேறித் தன்னைத் தேடி வருவதுபோல் இருந்தது அவருக்கு.

"நானே வாங்கிக்கறேன். முழு ஆறாயிரம், இப்பவே. ஆனா எனக்கு மட்டும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். யாரும் கேக்கக் கூடாது."

"இது என்னப்பா அநியாயம்? சங்கத்தைத் தேடி வந்த சரக்கு!" மால்கம் கையை உதறிக்கொண்டார்.

க்ளெனிஸ் ரோலண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம்கூடக் குறைச்சுக் கேக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப செக் எழுதுங்க, கண்ணு. முழுப் பேரோட."

அவசரத்தில் முதல் செக் பாழாயிற்று. இன்னொன்றை எழுதி நீட்டிவிட்டு, பிளேயரிலிருந்து கேசட்டைப் பிடுங்கிக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"இதை... இதை வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

"அதுல கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, கண்ணு. பழைய சாமான் கடையில வாங்கின காலி கேசட். நெவில் பதிவு பண்ணினதை எங்கம்மா துக்கம் தாங்காம அந்த வாரமே அடுப்புல போட்டுட்டா."

ரோலண்ட் கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த டின்னைத் தூக்கிட்டு ஊர் ஊரா உங்களை மாதிரிச் சங்கத்துக்கெல்லாம் போயிருக்கேன். எல்லாரும் போட்டுக் காட்டுன்னாங்க. போட்டாங்க, ஒண்ணும் கேக்கல, திட்டி அனுப்பினாங்க. கேக்கறதுக்கே பயந்தவர் நீங்க ஒருத்தர்தான்."

செக்கிலிருந்த பெயரை வாய்க்குள் படித்துக்கொண்டு, அதை அவர் பக்கமே தள்ளினாள்.

"அந்தப் பகுதி ஓடின அன்னிக்கு நாங்க வீடு திரும்பினப்ப, நெவில் நிலவறைப் படிக்கட்டுக்குக் கீழ கழுத்து ஒடிஞ்சு கிடந்தான். தனியா இருந்தான், தவறி விழுந்துட்டான்னு போலீஸ் எழுதிட்டாங்க. ஆனா டி.வி. முன்னாடி ரெண்டு தட்டு இருந்துச்சு, ரெண்டுலயும் பாதி தின்ன டோஸ்ட். ஒரு தட்டுக்குக் கணக்கு அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. இன்னொரு தட்டு இன்னும் பாக்கி, ரோலண்ட்."