ஒன்பது நெற்றிகள்

நோய்க்குப் பயந்து எல்லையை மூடியதில், நாங்கள் ஒன்பது பேர் வந்த பஸ் அயல்நாட்டுச் சாவடியில் பதினோரு நாளாக நின்றது. ஒருவனுக்குக் காய்ச்சல் இருந்தாலும் எல்லோரையும் திருப்பிவிடுவார்கள். எங்களில் மாடக்கண்ணுக்கு உடம்பு கொதித்தது. கருவியில் சூடு தெரியாதிருக்கத் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து அவன் நெற்றியில் கனமாகப் பூசினேன். அவன் மட்டும் பூசினால் சந்தேகம் வருமென்று ஒன்பது பேரும் பூசிக்கொண்டோம்.

"எனக்கும் பூசுலே. மாதா கோச்சுக்க மாட்டா" என்று சூசை நெற்றியைக் காட்டினான்.

காய்ச்சல் பார்க்கும் கருவியோடு வந்த சிப்பாய், துடைக்கச் சொல்லிச் சைகை காட்டினான். ஒவ்வொருவராகத் துடைத்தோம். கடைசியில் நின்ற மாடக்கண்ணு கையைத் தூக்கவில்லை.

"தொடைச்சிரட்டுமாண்ணே?" என்று முனகினான்.

சிப்பாயே விரலால் அவன் நெற்றியைத் துடைத்தான். விரல் அங்கேயே நின்றது. எங்களைத் திரும்பிப் பார்த்தான். கருவியை இன்னும் அழுத்தவில்லை.