வியாழக்கிழமைத் தடம்

தைஸ்தோ குரோனென் எங்கு அமர்ந்தாலும் சுவருக்கு முதுகும் வாசலுக்கு முகமும் காட்டியே அமர்வார். கடைக்குச் சென்ற வழியில் திரும்பி வரமாட்டார். பனி பெய்த ஒவ்வொரு மாலையும் முற்றத்தை நீண்ட துடைப்பத்தால் சமன்செய்துவிட்டு, மறுநாள் காலை அதில் தடம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே காப்பி போடுவார்.

பழக்கம் அப்படி. பன்னிரண்டு ஆண்டுகள் தலைநகரில் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். அதன்பின் ஓய்வு பெறும்வரை பின்லாந்தின் கிழக்கெல்லைக் காவலுக்குத் தலைவர். வேலியைத் தாண்டியவன், பின்னோக்கி நடந்து ஏய்த்தவன், மானின் குளம்பைக் காலில் கட்டிக்கொண்டு வந்தவன் என எத்தனையோ பேரைப் பனியில் பதிந்த தடத்தைக் கொண்டே பிடித்தவர்.

பணியில் இருந்தவரை அவர் எவரையும் வீட்டுக்கு அழைத்ததில்லை. பணி விதி அதற்கு இடம் தரவில்லை. ஓய்வுக்குப் பின் விதி போயிற்று. ஆனால் அழைப்பதற்கு ஆள் இல்லை.

வியாழக்கிழமைதோறும் எல்லைக் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து வீட்டைச் சோதித்துவிட்டுப் போவார். குரோனென் சிறைக்கு அனுப்பிய ஒருவன், ஆண்டுதோறும் கொலை மிரட்டல் கடிதம் எழுதிவந்ததால் ஏற்பட்ட ஏற்பாடு அது. சென்ற வசந்தத்தில் அவன் சிறையிலேயே இறந்துபோனான். எனவே இந்த வியாழன்தான் கடைசிச் சோதனை என்றும், ஆபத்துக்குப் புதிய சான்று கிடைத்தாலன்றி வருகை தொடராது என்றும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

பத்து மணிக்கு வழக்கம்போல் காவலர் ஐலா வந்து இறங்கினாள். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவள்.

"உன் வண்டிச் சத்தம் ரெண்டு கிலோமீட்டர் தள்ளியே கேட்டுச்சு. கடத்தல்காரனுக்குச் சொல்லி அனுப்பிட்டுத்தான் வருவே போல," என்றார் குரோனென்.

"புது வண்டி வேணும்னு நீங்க தலைவரா இருந்தப்பவே மனுப் போட்டேன் சார். கையெழுத்துப் போடாதது நீங்கதான்."

அவர் சிரிக்கவில்லை. முற்றத்தை நோக்கிக் கை நீட்டினார். "இதப் பாரு. சன்னல் வரைக்கும் ஒருத்தன் வந்திருக்கான்."

பிர்ச் மரங்களுக்கு அப்பால், பனி அகற்றப்பட்ட சாலையின் ஓரத்தில் தொடங்கிய காலடிகள், சமன்செய்த முற்றத்தின் குறுக்கே வந்து சமையலறைச் சன்னலின் கீழ் முடிந்திருந்தன. திரும்பிச் சென்ற தடம் இல்லை. சன்னலை அடுத்தே பனி வாரிய படிக்கட்டும் பாதையும் இருந்தமையால், வந்தவன் அவ்வழியே போயிருக்க வேண்டும்.

ஐலா மண்டியிட்டு அளவு நாடாவை விரித்தாள். "நாப்பத்திமூணாம் நம்பர் காலணி. ஊர்ல பாதிப் பேரு காலு இதுதான்." பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு தடத்தினுள் விரலை வைத்துப் பார்த்தாள். "முன்பாதம் ஆழமா இறங்கியிருக்கு. குதிகால் லேசாத்தான் பட்டிருக்கு."

"பதுங்கி வந்திருக்கான். விரலை ஊன்றி நடந்தா சத்தம் வராதுல்ல?"

"ம்," என்றாள் ஐலா. நான்கு படங்கள் எடுத்துக்கொண்டாள்.

உள்ளே ஏலக்காய் ரொட்டி மணத்தது. மேசையில் எட்டு ரொட்டிகளும் இரண்டு கோப்பைகளும் இருந்தன. வாசலுக்கு முதுகு காட்டிய நாற்காலி ஐலாவுக்கு உரியது. மற்ற ஆறு நாள்களும் அதில் எவரும் அமர்வதில்லை.

"செத்தவனோட ஆளுங்க யாராவது இருக்கலாம்," என்றார் குரோனென்.

"அவனுக்கு ஆளே கிடையாது சார். அடக்கத்துக்குக்கூட ஒருத்தரும் வரலையாம்."

அவர் கோப்பையைக் கையில் சுழற்றினார். "பதினாறு வருஷமா தவறாம எனக்குக் கடிதம் போட்ட ஒரே ஆளு அவன்தான்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். இருவரும் சிரிக்கவில்லை.

ஐலா இரண்டாவது ரொட்டியைத் தின்று முடித்து, விரல்களைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தாள்.

"என்ன எழுதப் போறே?"

"பாத்ததத்தான்."

"ஆபத்துன்னு எழுதினா வியாழக்கிழமை தொடரும். உனக்கும் நல்ல காப்பி கிடைக்கும்."

"நிலையத்துக் காப்பியக் குடிச்சவளுக்கு இது தெரியாதா சார்?" என்றபடியே எழுதி முடித்து, படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

'ஆபத்து ஏதுமில்லை. வாராந்திர வருகை தேவையில்லை' என்று அதில் இருந்தது. ஆயிரக்கணக்கான அறிக்கைகளைப் படித்த கண்கள் அந்த இரண்டு வரிகளையும் கையெழுத்து வரை மெதுவாகப் படித்தன. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

"அப்போ அடுத்த வியாழன்..."

"நிலையத்துலேர்ந்து யாரும் வரமாட்டாங்க."

அவர் தலையசைத்துவிட்டு எழுந்து, மீந்த ரொட்டிகளைத் துணியால் மூடினார். ஒருவர் தின்று தீர்க்க நான்கு நாள் ஆகும்.

ஐலா காலணியை மாட்டிக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கதவின் பிடியில் கைவைத்தவள் திரும்பினாள்.

"சனிக்கிழமை எனக்கு லீவு, என் சொந்த வண்டியிலயே காப்பிக்கு வர்றேன். நீங்க இனிமே பனியில பின்பக்கமா நடக்காதீங்க சார், விழுந்துடுவீங்க."