மாற்றாத பிளேடு

இடக்கன்னத்தின் நடுவில் ரேசர் வந்ததும் கணவரின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

அவள் கையை நிறுத்தினாள். துண்டின் நுனியால் ஒற்றி எடுத்தாள். மீண்டும் தொடங்கினாள்.

எதையும் அவரால் சொல்ல முடியாது. பக்கவாதம் அவருடைய வலக்கையையும் வலக்காலையும் முடக்கியபோது பேச்சையும் கொண்டுபோய்விட்டது.

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். லீவு நாளில்கூட சவரம் செய்யாமல் காபி டம்ளரைத் தொடமாட்டார். அதனால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த மறுநாளே அவருடைய ரேசரை அவள் கையில் எடுத்தாள்.

முதலில் நன்றாகத்தான் போனது. தாடை எலும்பருகே எப்படிச் சாய்க்க வேண்டும், மூக்குக்குக் கீழே எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் மெல்ல மெல்லக் கைக்கு வந்தது.

பிறகு அவர் அழத் தொடங்கினார்.

மகள் ஜெனிட்டா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"கண்ணாடியில தன் மூஞ்சியப் பாக்காங்கல்லம்மா. வாய் ஒருபக்கமா கோணி இருக்கது தெரியுதுல்லா. அதான் மனசு உடைஞ்சு போறாங்க."

கண்ணாடியைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தார்கள்.

அழுகை நிற்கவில்லை.

டாக்டர் மனச்சோர்வு என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதா கோவில் பங்குச் சாமியார் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். இவர் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். சாமியார் கிளம்பும்போது இடக்கையைத் தூக்கிக் கும்பிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

மறுநாள் காலை, ரேசர் பட்டதும் அழுதார்.

கொஞ்ச நாளில், குவளையும் பிரஷுமாக அவள் வருவதைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்கிறார். குளிப்பாட்டினால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். முகத்தைத் தொட்டால் மட்டும் திரும்பிக்கொள்கிறார். நம் கை அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவள் எண்ணிக்கொண்டாள். அதை மகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கோவிலில் கல்யாணம். ஜெனிட்டா அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அலமாரியைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள். முகவாயில் ஒரு முடி, கம்பி போல. ஐம்பதுக்குப் பிறகு அங்கே இப்படி ஒன்றிரண்டு முளைக்கின்றன. இடுக்கியால் பிடுங்கிவிடுவது வழக்கம். அன்று இடுக்கி அகப்படவில்லை.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவருடைய ரேசரை எடுத்தாள். முகவாயில் சோப்பைத் தடவி, விரலால் இடம் பார்த்து, ஓர் இழுப்பு இழுத்தாள்.

முடி அறுபடவில்லை. பிளேடு அதைப் பற்றிக்கொண்டு இழுத்தது.

அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்படியே நின்றாள்.

பிறகு பிடியைத் திருகினாள். அதுவரை அவள் திருகிப் பார்த்ததே இல்லை. சோப்பு காய்ந்து இறுகிப்போயிருந்தது. ஈரத்துணி சுற்றித் திருகியதும் வாய் திறந்தது. உள்ளே பிளேடின் ஓரம் முழுக்கப் பழுப்பாகத் துரு.

அரிவாள்மனை மழுங்கினால் கல்லில் தீட்டத் தெரியும் அவளுக்கு. இது மழுங்கும் என்று நினைக்கவே இல்லை.

ஞாயிறுதோறும் பூசைக்குப் போகுமுன் இந்தக் குளியலறையிலிருந்து காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்கும். பழைய பிளேடைச் செய்தித்தாளில் மடித்துப் பவுடர் டப்பாவுக்குள் போடுவார், குப்பை அள்ளுகிறவர் கையைக் கிழித்துவிடாமல் இருக்க. எத்தனையோ வருடம் அடுப்படியிலிருந்து அவள் கேட்ட சத்தம்.

அவர் விழுந்த பிறகு எந்த ஞாயிறும் அது கேட்கவில்லை.

அவருடைய சட்டைகளுக்கு அடியில் புது பிளேடு பாக்கெட் இருந்தது. ஒன்றைப் பிரித்து மாட்டினாள். விரலில் லேசாகக் கீறியது. வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டாள்.

வெந்நீரும் குவளையுமாக அவள் வருவதைப் பார்த்ததும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க. இந்த ஒருதரம் மட்டும் திரும்புங்க."

வெகுநேரம் கழித்துத் திரும்பினார்.

நுரை தடவினாள். கன்னத்தில் ரேசரை வைத்தாள். அவருடைய இடக்கை நாற்காலிக் கட்டையை இறுகப் பிடித்தது.

ரேசர் ஒரு தடங்கலும் இல்லாமல் இறங்கியது.

நாற்காலியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"நாந்தான் பிளேட மாத்தாம இத்தன நாளா உங்கள வதைச்சிருக்கேன். கையத் தட்டி விட்டிருக்கலாம்லா?"

தட்டிவிட்டிருக்கலாம். இடக்கைக்கு ஒன்றும் இல்லை. ஒருநாளும் அவர் அதை அவளுக்கு எதிராகத் தூக்கியதில்லை.

மறு கன்னம். மேலுதடு. தொண்டை. முடித்து, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டாள்.

அவர் பார்வை அவள் முகவாயில் நின்றது. அங்கே தோல் சிவந்திருந்தது. பாதி இழுபட்ட முடி அப்படியே நின்றது. அவள் அவசரமாக முந்தானையால் மறைத்தாள்.

அவர் இடக்கையை நீட்டி முந்தானையை விலக்கினார். பிறகு குவளைக்குள் கையை விட்டுப் பிரஷை எடுத்தார். பட்டுச்சேலையில் நுரை சொட்டியது.

"யம்மா, கல்யாணத்துக்கு நேரமாச்சு" என்றாள் ஜெனிட்டா, அடுப்படியிலிருந்து.

அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, முகவாயை நிமிர்த்தினாள்.