முடிச்சு இருந்த மூலை

ஹெட்விக் அம்மாள் சால்வையை நான்காக மடித்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

ஈரம் இன்னும் முழுதாகப் போகவில்லை. சோப்பு வாசம் அடித்தது.

நெமேசியோ வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான். ஐந்து நாள் நடையில் ஒரு வழிகாட்டி ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிற நன்றி. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நேற்றுக் கணவாயில் பனிமழை பிடித்துக்கொண்டபோது, பயணிகளில் மூத்தவரான அந்த அம்மாளுக்குப் பற்கள் கிடுகிடுத்தன. எல்லாருடைய துணியும் நனைந்திருந்தது. காய்ந்திருந்தது இது ஒன்றுதான், அவன் மேல்சட்டைக்குள்ளே. எடுத்துப் போர்த்திவிட்டான். அப்போது யோசிக்கவில்லை.

சாயங்காலம் முகாமுக்கு வந்ததும் அவர் அதை ஓடைக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டு, நாலு தண்ணீரில் அலசி, கூடாரத்துக்குள் கயிறு கட்டி உலர்த்தியிருக்கிறார். இரவல் வாங்கிய துணியை அழுக்கோடு திருப்பித் தரக்கூடாது என்று சொல்லி வளர்த்தார்களாம். சொல்லும்போது எழுபது வயது முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அது நேலிதாவின் சால்வை.

அவன் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், மூன்று நாள் காய்ச்சலில் போனாள்.

ஐந்தாம் நாள் சொந்தக்காரர்கள் கூடி அவள் துணிகளை ஆற்றில் துவைத்தார்கள். துவைத்துக் காயவைத்தால்தான் போனவர் போவார். பாவாடைகள், கம்பளிச் சட்டைகள், குதிகால் தேய்ந்த காலுறைகள் எல்லாம் பாறைகளின் மேல் வரிசையாகக் காய்ந்தன.

சால்வையை மட்டும் அவன் தரவில்லை.

மாமியாரிடம் மோராவைக் காரணம் சொன்னான். மோரா, நேலிதா குட்டியிலிருந்து வளர்த்த கோவேறு கழுதை. சுமை ஏற்றும்போது கண்ணை மூடாவிட்டால் உதைக்கும். நேலிதா தன் சால்வையைத்தான் போட்டு மூடுவாள். துவைத்தால் அவள் வாசம் போய்விடும், அப்புறம் அது யாருக்கும் நிற்காது என்றான்.

மாமியார் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மோரா உதைக்கும் என்பது பொய்யில்லை. குஸ்கோ நகரில் வழிகாட்டிப் படிப்பை முடித்து, சான்றிதழின் மை காய்வதற்குள் வந்த முதல் நடையிலேயே அவன் அதைத் தெரிந்துகொண்டான். உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். ஒரே உதை. அவன் சேற்றில் கிடந்தான். மூட்டையிலிருந்த கெட்டில் மலைச்சரிவில் உருண்டு போயிற்று.

கழுதைக்காரி நேலிதா வந்தாள். மார்பில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து, சால்வையை மோராவின் தலைமேல் போட்டாள். அது சிலையாக நின்றது.

"காலேஜ்ல மலை பேரெல்லாம் மனப்பாடம் பண்ணினீங்களே வழிகாட்டி சார், மோரா பேரைச் சொல்லித் தரலையாக்கும்?"

சமையல்காரன் ஹிலாரியோ, அவளுடைய அண்ணன், சிரித்த சிரிப்பில் கையிலிருந்த உருளைக்கிழங்கு சூப் பாதி கொட்டிப்போனது.

அந்த ஐந்து நாளும் நெமேசியோ பின்தங்கியவர்களைப் பார்த்துவருகிறேன் என்று வரிசையின் கடைசிக்கே போய்க்கொண்டிருந்தான். அங்கே யாரும் பின்தங்கவில்லை. அவளும் கழுதைகளும்தான் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போன பயணிகள் இரண்டு முறை வழி தவறினார்கள்.

இப்போது தினமும் காலையில் அவன்தான் மோராவின் கண்ணை மூடுகிறான். மூடுவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் சால்வையை முகத்தில் வைத்துக்கொள்வான். ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருக்கும்.

சால்வை முழுக்க இரண்டு வருஷ மோரா வியர்வைதான். ஆனால் ஒரு மூலை உண்டு. நேலிதா மார்பில் முடிச்சுப் போட்ட மூலை. முடிச்சின் சுருக்கம் அப்படியே நின்றுபோயிருந்தது. அதை மட்டும் அவன் மோராவின் மேல் படவிட்டதில்லை. அடுப்புப் புகையும் ஆட்டுக் கம்பளியும் அவள் கழுத்தும் அங்கே இருந்தன.

அந்த மூலையைத் தேடினான்.

நான்கு மூலைகளும் ஒன்றுபோல இருந்தன.

கூடாரங்களைச் சுருட்டிக் கட்டியாகிவிட்டது. கீழே சாலைக்கு வண்டி மதியம் வந்துவிடும். பயணிகள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். நெமேசியோ மடித்த சால்வையோடு மோராவின் பக்கத்தில் நின்றான். அதன் கண்ணை மூடவும் இல்லை, நகரவும் இல்லை.

ஹிலாரியோ சமையல் மூட்டையோடு எதிர்ப்பக்கம் வந்தான். சால்வையைப் பார்த்தான். அவனுக்கும் சோப்பு வாசம் அடித்திருக்கும். தூக்கு என்பதுபோலத் தாடையை அசைத்தான்.

நெமேசியோ சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு தூக்கினான்.

மோராவின் கண்கள் திறந்தே இருந்தன. மூட்டை முதுகில் இறங்கியது. வயிற்றுக்கு அடியில் கயிறு போய் வந்தது. அது ஒரு காதை அசைத்து ஈயை விரட்டியது. பிறகு குனிந்து புல்லைக் கடித்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஹிலாரியோவின் குரல் மட்டும் வந்தது.

"ரெண்டு வருஷமா இது சும்மாவேதான் நிக்குது, மாப்ள. நீ ஊருக்குப் போற நாள்ல நான் ஏத்துறேன்ல."

நெமேசியோ கயிற்றை இழுத்து இறுக்கினான்.

"தெரியும்" என்றான்.

பிறகு சால்வையை விரித்து மூட்டையின் மேல் போட்டு, காற்றில் பறக்காதபடி நான்கு மூலைகளையும் கயிற்றுக்குள் செருகினான்.

வளைவில் ஹெட்விக் அம்மாள் திரும்பிப் பார்த்தார். தான் துவைத்த துணி வெயிலில் வருவதைக் கண்டு கையசைத்தார். அவனும் அசைத்தான்.

மதியத்துக்குள் அது காய்ந்துவிட்டது.